ஐம்பது மைல் வேகத்தில் அதிர்ந்த கமாரோ: ஒரு எக்ஸாஸ்ட் மாற்றத்தின் நிகழ்வு ஆய்வு

வண்டி 1969ஆம் ஆண்டு செவர்லே கமாரோ எஸ்எஸ். ஒஹையோ மாநிலத்தின் நார்வுட் தொழிற்சாலையில் தயாரானது. 350 கன அங்குல வி8 எஞ்சின், ராச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டர், நான்கு கியர் மேனுவல், பின் ஆக்சில் விகிதம் 3.31. இப்போது மிச்சிகனில், டெட்ராய்ட்டின் வடக்குப் புறநகர் ஒன்றில் இருக்கிறது. உரிமையாளர் பணி ஓய்வு பெற்றவர். கோடையில் மட்டும் வண்டியை வெளியே எடுப்பார். ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் திரளும் நாளுக்குத் தவறாமல் போய்விடுவார்.

பழைய சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையானதும், ஒரு பட்டறையில் கொடுத்து எஞ்சினின் புகையை வெளியேற்றும் முழு எக்ஸாஸ்டையும் மாற்றினார். நீளக் குழாய் ஹெடர்கள் (ஒவ்வொரு சிலிண்டரின் புகைக்கும் தனிக் குழாய் கொண்ட தொகுதிகள்), இரண்டரை அங்குலக் குழாய்கள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்சர்கள். ஐட்லிங்கில் சத்தம் அருமையாக இருந்தது. ஓட்டத் தொடங்கிய பிறகுதான் ஒவ்வொன்றாகத் தொல்லைகள் தெரிந்தன. டாப் கியரில் ஐம்பது மைல் வேகத்தைத் தொட்டால் காருக்குள் காதை அடைக்கும் ஒரு அதிர்வு. மேடு பள்ளத்தில் பின்பக்கம் இரும்போடு இரும்பு மோதும் சத்தம். காலையில் முதல் முறை கிளப்பினால் எஞ்சின் திணறி நின்றுவிடும். நான்காவதாக, பேச்சுவாக்கில் அவர் சொன்ன ஒன்று: ஒரு மணி நேரம் ஓட்டினால் தலை வலிக்கிறது.

முதல் மூன்றும் காத்திருக்கலாம், நான்காவது காத்திருக்கக் கூடாது. எக்ஸாஸ்ட் மாற்றிய வண்டியில் ஓட்டுபவருக்குத் தலைவலி என்றால் முதலில் கார்பன் மோனாக்சைடைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 1969 வண்டியில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கிடையாது, அது அமெரிக்கக் கார்களில் பரவலாக வந்ததே 1975 மாடலிலிருந்துதான். ஆகவே இந்த எஞ்சினின் புகையில் மோனாக்சைடு இன்றைய காரைவிடப் பல மடங்கு அதிகம். வண்டியை எடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு, வேலையை அங்கிருந்தே தொடங்கினோம். குழாய் அளவுகளும் வளைவுகளும் குறிப்பது என் பொறுப்பு. வெல்டிங் அனுபவமுள்ள இன்னொருவருடையது.

புகை எங்கே நுழைந்தது

எக்ஸாஸ்டின் வால் முனையை அடைத்து, குழாய்க்குள் புகை செலுத்தும் கருவியை இணைத்தோம். இடப்பக்க ஹெடர் குழாய்கள் ஒன்று சேரும் இடத்து ஃபிளாஞ்சிலிருந்து புகை கசிந்தது. ஒரு போல்ட் தளர்ந்து, கேஸ்கெட் கருகியிருந்தது. அது பாதிக் காரணம். மீதி பின்னால் இருந்தது. டிக்கித் தரையில் தொழிற்சாலை விட்ட துளைகளை மூடும் ரப்பர் மூடிகளில் ஒன்றைக் காணவில்லை. வால்குழாய்களோ பம்பருக்கு உள்ளேயே, வண்டிக்கு அடியில் முடிந்திருந்தன. ஓடும் காரின் பின்புறம் காற்றழுத்தம் குறைவாக இருக்கும், அங்கே வெளியேறும் புகை விலகிப் போகாமல் வண்டியோடு ஒட்டிச் சுழலும். ஜன்னலை இறக்கி ஓட்டினால் அது டிக்கித் துளை வழியாக உள்ளே இழுபடும். கோடையில் ஜன்னலை இறக்காமல் யார் பழைய கார் ஓட்டுவார்கள்?

புது எக்ஸாஸ்ட் போடுபவர்கள் டிக்கிப் பாயைத் தூக்கிப் பார்ப்பதே இல்லை. வாசகர்கள் இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால், அதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஐம்பது மைலில் என்ன நடக்கிறது

இந்த வேலையின் சுவையான பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செவர்லே வி8இல் முன்பக்கத்திலிருந்து எண்ணினால் இடவரிசை சிலிண்டர்கள் 1, 3, 5, 7. வலவரிசை 2, 4, 6, 8. எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் 90 பாகை திரும்பும்போதெல்லாம் ஏதோ ஒரு சிலிண்டர் எரியும். எட்டையும் சேர்த்துக் கேட்டால் சீரான தாளம். ஆனால் ஒரு வரிசையை மட்டும் தனியே பிரித்துக் கேட்டால் சீர் போய்விடும். வலவரிசையில் 8, 4 இரண்டும் அடுத்தடுத்து எரிகின்றன. இடவரிசையில் 5, 7 அப்படியே. ஒரு வரிசையின் இடைவெளிகள் 90, 180, 270, 180 பாகை என்று மாறி மாறி வரும். அமெரிக்க வி8 என்றால் நாம் நினைக்கும் அந்தக் கரகரத்த, தடுமாறி நடப்பது போன்ற உறுமல் இந்தச் சமமின்மையிலிருந்து வருவது. சைலன்சர் அதை உண்டாக்குவதில்லை, எவ்வளவு வெளியே விடுவது என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது.

இந்த ஏற்ற இறக்கத்தை அலைவெண்களாகப் பிரித்தால், ஒரு வரிசையின் ஒலியில் கிராங்க் சுழற்சியின் ஒன்றரை மடங்கு, இரண்டரை மடங்கு, நான்கு மடங்கு என்ற மூன்றும் ஓங்கி நிற்கும். இரண்டு வரிசைகளும் முழுமையாகக் கலந்துவிட்டால் முதல் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், நான்கு மடங்கு மட்டும் மிஞ்சும்.

இப்போது இந்த வண்டிக்கு வருவோம். 3.31 ஆக்சில், சுமார் 26 அங்குல விட்டமுள்ள டயர், டாப் கியர் நேரடி. ஐம்பது மைலில் எஞ்சின் ஏறக்குறைய 2,100 ஆர்பிஎம், அதாவது நொடிக்கு 35 சுற்று. அதன் இரண்டரை மடங்கு 87.5 ஹெர்ட்ஸ். காரின் உட்புறம் டேஷ்போர்டிலிருந்து பின் கண்ணாடி வரை சுமார் 2 மீட்டர். அந்த நீளமுள்ள காற்றுத்தொகுதி இயல்பாக அதிரும் அலைவெண், காற்றில் ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரை அந்த நீளத்தின் இரு மடங்கான 4ஆல் வகுத்தால் கிடைக்கும் 86 ஹெர்ட்ஸ். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. எக்ஸாஸ்ட் கொடுக்கும் அதே தாளத்தில் காருக்குள் இருக்கும் காற்றும் ஆடத் தொடங்கிவிடுகிறது.

கணக்கு சரியா என்று பார்க்க, கசிவை அடைத்த பிறகு ஒரு குறுகிய ஓட்டம் போனோம். கைப்பேசியில் அலைவெண் காட்டும் செயலியைத் திறந்து, வேகத்தை மெல்ல ஏற்றினோம். ஐம்பதை நெருங்கியபோது 90க்குச் சற்றுக் கீழே ஒரு ஊசிமுனை எழுந்தது. அறுபதைத் தாண்டியதும் அது தாழ்ந்துவிட்டது. ஆய்வகத் துல்லியம் இல்லைதான், ஆனாலும் திசை தெளிவாகத் தெரிந்தது.

அப்படியானால் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது ஏன் இந்த அதிர்வு இல்லை? 1967 முதல் 1969 வரையிலான கமாரோக்களின் இரட்டை எக்ஸாஸ்டில் இரண்டு குழாய்களும் ஆக்சிலைத் தாண்டிப் பின்னால் சென்று, பெட்ரோல் டாங்குக்கு முன்னால் குறுக்காகப் படுத்திருக்கும் ஒரே சைலன்சருக்குள் நுழையும். இரண்டு வரிசைகளின் வாயுவும் சந்திக்க அந்தப் பெட்டி ஒன்றுதான் இடம். பட்டறையில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, முன்னிருந்து பின்வரை ஒன்றையொன்று தொடாத இரண்டு தனிக் குழாய்களைப் போட்டுவிட்டார்கள். படத்தில் பார்க்க அழகான அமைப்பு. ஆனால் வரிசைகள் எங்கேயும் கலப்பதில்லை, ஒன்றரையும் இரண்டரையும் முழு பலத்தோடு வெளியே வருகின்றன. எஞ்சினுக்கு எக்ஸாஸ்ட் ஒரு துணைப்பொருள் என்று நினைத்து வேலை செய்தால் இப்படித்தான் முடியும். பழைய அமைப்பில் ஒவ்வொரு உறுப்பும் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்காமல் எதையும் கழற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மோதும் சத்தம்

இதற்குக் காரணம் கண்டுபிடிக்க நிமிடம்கூட ஆகவில்லை. ஆக்சில் உறையின் மேல் இரண்டு இடத்தில் பெயின்ட் போய்ப் பளபளத்தது. வண்டியின் உடலைத் தாங்கித் தூக்கும் லிஃப்டில் வைத்து குழாயை வளைத்திருக்கிறார்கள். அப்போது பின் சக்கரங்கள் தொங்கும், ஆக்சில் கீழே இறங்கியிருக்கும், குழாய்க்கும் அதற்கும் நடுவே தாராளமாக இடம் இருப்பதுபோலத் தெரியும். தரையில் இறக்கினால் அந்த இடம் காணாமல் போகும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. 1968 முதல் கமாரோவின் பின் ஷாக் அப்சார்பர்கள் ஒரே பக்கம் இல்லை. வேகமாகக் கிளம்பும்போது ஆக்சில் முறுக்கிக்கொண்டு துள்ளாமல் இருக்க, ஒன்று ஆக்சிலுக்கு முன்னும் மற்றது பின்னும் பொருத்தப்பட்டிருக்கும். ஆகவே இடக்குழாயின் வளைவும் வலக்குழாயின் வளைவும் கண்ணாடிப் பிம்பங்கள் ஆக முடியாது. ஒரு பக்கத்தை வளைத்துவிட்டு மறுபக்கத்துக்கு அதையே திருப்பிப் போட்டால் ஏதாவது ஒன்று உரசும். இங்கே உரசியது.

காலைத் திணறல்

தொழிற்சாலை அமைப்பில் ஹெடருக்குப் பதிலாக, சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுகள் இருக்கும். வலப்பக்க மேனிஃபோல்டின் வாயில் ஒரு சின்ன வால்வு உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடிக்கொண்டு, சூடான வாயுவை இன்டேக் மேனிஃபோல்டுக்குள் (பெட்ரோல் கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் பகுதி) கார்புரேட்டருக்கு நேர் கீழே ஓடும் பாதை வழியாக மறுபக்கம் தள்ளும். இன்டேக் சூடானால் பெட்ரோல் துளிகள் சுவரில் படியாமல் ஆவியாகும். குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைக்கும் தகடான சோக்கைத் திறக்கும் உலோகச் சுருளும் அதே சூட்டை நம்பி இன்டேக்கில் ஒரு குழியில் உட்கார்ந்திருக்கிறது. ஹெடர் போட்டால் இந்த வால்வு போய்விடும். சூடு மெதுவாக வரும், சோக் நேரத்துக்குத் திறக்காது. ஹெடர் வாயுவை எளிதாக வெளியேற்றுவதால் கலவையில் பெட்ரோல் விகிதமும் கொஞ்சம் குறையும், அதற்கேற்பக் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை யாரும் மாற்றவில்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தபோது பீங்கான் வெளுத்திருந்தது, பெட்ரோல் போதவில்லை என்பதன் அடையாளம் அது.

பலர் இந்த வால்வை வெறுக்கிறார்கள், அதற்கும் நியாயம் உண்டு. துருப்பிடித்து மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் வலவரிசைக்கு மூச்சு முட்டும், கார்புரேட்டரில் பெட்ரோல் கொதிக்கும். ஆனால் பராமரித்தால் நன்றாக வேலை செய்யும் பொருள் அது.

எடுத்த முடிவு

உரிமையாளர் தன் பழைய மேனிஃபோல்டுகளைத் தூக்கி எறியாமல் கேரேஜ் அலமாரியில் வைத்திருந்தார். அது பெரிய பாக்கியம். ஹெடரைக் கழற்றிவிட்டு அவற்றையே திரும்பப் போடலாம் என்று நான் சொன்னபோது அவர் தயங்கினார். குதிரைத்திறன் குறையுமே என்றார்.

குறையும், மறுக்கவில்லை. 1969இல் இந்த எஞ்சினுக்குச் சொன்ன 300 குதிரைத்திறன், சைலன்சரும் துணைக்கருவிகளும் இல்லாமல் சோதனை மேடையில் அளந்த எண். 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு விதமான எண்களையும் வெளியிட்டபோது, சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் விகிதம் குறைக்கப்பட்ட இதே 350க்கு மேடையில் 270, வண்டியில் பொருத்திய நிலையில் 210 என்று வந்தது. ஆகவே வெளியேறும் பாதையில் வெல்லக்கூடியது நிறைய உண்டு என்பது உண்மை. ஆனால் மாற்றமே செய்யாத இந்த எஞ்சினில் அதில் கணிசமான பங்கைக் குழாயின் விட்டமும் வளைவின் தரமும் சைலன்சரும் கொடுத்துவிடும். நீளக் குழாய் ஹெடர் தனியாகத் தருவது பெரும்பாலும் உயர் ஆர்பிஎம்மில்தான். அதற்காக அவர் கொடுத்த விலை: தரையில் உரசும் அடிப்பகுதி, ஸ்டார்ட்டர் மோட்டாரை வாட்டும் சூடு, தளர்ந்துகொண்டே இருக்கும் போல்ட்டுகள், காலைத் திணறல். பந்தயத் தடத்துக்குப் போகும் வண்டியாக இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

சரி என்று ஒப்புக்கொண்டார். அப்புறம், ஒரு பொத்தானைத் தட்டினால் சைலன்சரைத் தவிர்த்து வாயுவை வெளியேவிடும் கதவு போடலாமா என்று கேட்டார். அந்த ஆசை புதிதல்ல. 1970 பான்டியாக் ஜிடிஓவில் டேஷுக்குக் கீழே ஒரு குமிழை இழுத்தால் சைலன்சர் திறந்துகொள்ளும் வசதியைத் தொழிற்சாலையே விற்றது, அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே நிறுவன மேலிடம் அதை நிறுத்தியது. மோனாக்சைடு பிரச்சினையிலிருந்து இப்போதுதான் மீண்ட ஒரு வண்டியில் காருக்கு நடுவே புகையைத் திறந்துவிடும் கதவை நான் பொருத்த மாட்டேன் என்றேன். அவரும் விட்டுவிட்டார்.

சைலன்சருக்கு, தொழிற்சாலை வடிவத்திலேயே குறுக்காகப் படுக்கும், ஆனால் உள்ளே தடை குறைவான புதிய ஒன்றைத் தேர்ந்தோம். அதோடு கியர்பாக்ஸுக்குப் பின்னால் இரண்டு குழாய்களையும் இணைக்கும் ஒரு குறுக்குக் குழாய், ஹெச் எழுத்து வடிவில். எக்ஸ் வடிவில் இணைத்தால் வரிசைகள் இன்னும் நன்றாகக் கலக்கும், ஒலி வழவழப்பாகி மேல்சுருதிக்குப் போகும். இவருக்கு வேண்டியது 1969இன் உறுமல். ஹெச் இணைப்பு அதில் கொஞ்சத்தை விட்டுவைக்கும். அதிரும் அலைவெண்ணை மட்டும் விழுங்கும் முட்டுக்கிளைக் குழாய் ஒன்றும் யோசித்தோம். சூடான வாயுவில் ஒலி நொடிக்கு சுமார் 480 மீட்டர் ஓடும் என்று வைத்தால், 87 ஹெர்ட்ஸுக்கு அந்தக் கிளை பக்கத்துக்கு 1.4 மீட்டர் நீளம் வேண்டும். இந்த வண்டியின் அடியில் அதற்கு இடமே இல்லை.

குழாய் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக எக்ஸாஸ்டுக்குள் போகிறது. தினமும் நீண்ட தூரம் ஓடும் காரில் அது வெளியேறிவிடும். வாரத்துக்கொரு முறை பக்கத்துத் தெரு வரை போய்வரும் காரில் சைலன்சருக்குள்ளேயே தங்கி உள்ளிருந்து தின்னும். இவருடைய பழைய சைலன்சர் அப்படித்தான் போனது.

பொருத்தியது

மேனிஃபோல்டுகளை இரண்டு நாள் துரு நீக்கும் எண்ணெயில் ஊறவைத்து, சூடு காட்டி, வால்வின் தண்டை அசைத்து அசைத்து விடுவித்தோம். அது தன் எடையிலேயே சுழலும்வரை பொறுமை வேண்டும், சுத்தியலால் அடித்தால் தண்டு வளைந்துவிடும். வாயில் புதிய ஸ்டட்களும் பித்தளை நட்களும் போட்டோம். இரும்பு நட் போட்டால் அடுத்த முறை கழற்றுபவர் ஸ்டட்டை முறிப்பார்.

வண்டியைச் சக்கரங்கள் தாங்கும் வகை லிஃப்டில் ஏற்றினோம், ஆக்சில் மேல் முழு எடையும் இருந்தது. பின் ஆக்சில் மேலெழும்பி ரப்பர் தடுப்பைத் தொடும் நிலையிலும் குழாய்க்கு 25 மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். பிரேக் குழாய்க்கும் பெட்ரோல் குழாய்க்கும் அதைவிட அதிகம். கைப்பிரேக் கம்பி அருகே வலக்குழாயை ஒருமுறை வெட்டித் திருப்ப வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் முதலில் தளர்வாகத் தொங்கவிட்டு, முன்னிருந்து பின்னாக நேர்படுத்தி, புள்ளி வெல்டு மட்டும் வைத்தோம். பிறகு முழுவதையும் இறக்கி, வெளியே கொண்டுபோய் வெல்டிங் செய்தோம். பெட்ரோல் டாங்குக்கு ஒரு முழம் தள்ளிப் படுத்துக்கொண்டு வெல்டிங் வைக்க எந்த அவசரமும் காரணமாகாது. இணைப்புகளில் பழைய யு-போல்ட் கிளாம்ப்களைத் தவிர்த்து அகலப் பட்டைக் கிளாம்ப் போட்டோம். யு-போல்ட் குழாயை நசுக்கி ஒன்றாக்கிவிடும், பின்னால் கழற்ற வழி இருக்காது.

தாங்கிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். முந்தைய வேலையில் சைலன்சர்கள் தரைத்தகட்டோடு இரும்புப் பட்டையால் இறுக்கப்பட்டிருந்தன, ரப்பர் இல்லை. குழாயின் அதிர்வு நேராகத் தகட்டுக்குப் போகும். அதோடு, 3.5 மீட்டர் நீளமுள்ள 304 குழாய் சராசரியாக 250 டிகிரி சூடேறினால் 15 மில்லிமீட்டர் நீளும். கமாரோவின் எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, முன் சப்ஃப்ரேமும் உடலோடு ரப்பர் மூலம்தான் சேர்கிறது. இவை எல்லாம் அசையும்போது குழாய் மட்டும் அசையக் கூடாது என்றால் எங்காவது விரிசல் விட்டே தீரும். எல்லாத் தாங்கிகளையும் ரப்பர் கொண்டவையாக மாற்றி, குழாய் பின்னோக்கி நீள இடம் விட்டோம்.

வால்குழாய்களைப் பம்பருக்கு வெளியே நீட்டினோம். டிக்கித் தரைக்குப் புதிய மூடிகள் போட்டு, டிக்கிக் கதவின் ரப்பரையும் மாற்றினோம்.

விளைவு

புகைச் சோதனையில் கசிவு இல்லை. காருக்குள் மோனாக்சைடு அளவி வைத்து, ஜன்னல் மூடியும் திறந்தும் ஓட்டியதில் அது பூஜ்யத்திலேயே நின்றது. இதைப் பார்க்கும்வரை உரிமையாளரிடம் சாவியைக் கொடுக்கவில்லை.

அதே சாலை, அதே ஐம்பது மைல். செயலியில் 87 அருகே இருந்த ஊசிமுனை சிறு மேடாகத் தணிந்திருந்தது, முற்றிலும் மறையவில்லை. பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிறது. ஐட்லிங்கில் உறுமல் முன்பைவிட மென்மை, ஆனால் அந்தத் தடுமாற்றம் அப்படியே காதுக்குக் கேட்கிறது. குதிரைத்திறனை அளக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

சோக்கை மறுபடி சரிசெய்து, ஐட்லிங் கலவைத் திருகுகளை அமைத்ததும் காலைத் திணறல் நின்றது. கார்புரேட்டர் ஜெட்டில் கை வைக்கத் தேவை வரவில்லை, அது இந்த மேனிஃபோல்டுகளுக்கென்றே தொழிற்சாலை அமைத்தது.

ஒன்று பாக்கி இருக்கிறது. பின் இருக்கையில் இருவர் உட்கார்ந்து பெரிய பள்ளத்தில் இறங்கினால் இடப்பக்கம் லேசான ஒரு தட்டல் வருகிறது. குழாய் எங்கேயும் படவில்லை என்பதை மெழுகுக்களிமண் ஒட்டிப் பார்த்து உறுதி செய்தோம். லீஃப் ஸ்பிரிங்கின் முன்முனை ரப்பர் புஷ் தேய்ந்திருக்கலாம் என்று சந்தேகிக்கிறோம். குளிர்காலத்தில் வண்டி நிற்கும்போது அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதற்குள் சில முறை சூடாகி ஆறிய பிறகு எல்லாக் கிளாம்ப்களையும் மேனிஃபோல்டு நட்களையும் ஒருமுறை இறுக்கிவிடும்படி உரிமையாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.